சிவப்பில் அச்சடித்த ஞாயிறு

சேசு மரி சூசை

துணுக்காய், குளத்துக் காவற்கொட்டில்
6.1.1966

அன்புள்ள மார்கிறட் அக்காவுக்கு,

தம்பி ஸ்ரீபன். உயிரோடு இருக்கிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கொக்கிளாயில் உங்கள் பாடு எப்படி? கால்வீக்கம் வற்றியதா? அத்தான் புயலில் போனபிறகு அந்த வீட்டில் தனியே இருக்கிறீர்கள் என்ற நினைவு எனக்கு எந்நேரமும் உண்டு.

எனக்கு ஒரு கிழமையாகக் காய்ச்சல். கொட்டிலுக்குள் சுருண்டு கிடந்து எழும்பிப் பார்த்தால், இன்றைக்கு என்ன கிழமை என்றே தெரியவில்லை. காலையில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத் திகதி போட்டு எழுதுவதால் திகதி மட்டும் தப்பிவிட்டது.

அரசாங்கம் இந்த வருஷத்திலிருந்து ஞாயிற்று லீவை எடுத்துவிட்டது உங்களுக்கும் தெரியும்தானே. இனிப் பூரணை, அட்டமி, அமாவாசை என்று வரும் போயாவுக்குத்தான் லீவு. நீர்ப்பாசனக் கந்தோர் அனுப்பிய புதுக் கலண்டரில் போயா சிவப்பு. எங்கள் ஞாயிறு மற்ற நாட்களோடு நாளாகக் கறுப்பில் கிடக்கிறது. அதைச் சுவரில் தொங்கவிட மனம் வரவில்லை. குடியேற்றத்தில் இருக்கும் வீரகத்தியண்ணையிடம் கொடுத்துவிட்டேன்.

வேலையை மேற்பார்க்க ஓவசியர் பரமலிங்கம் வந்தபோது கேட்டேன். "ஐயா, போயா எல்லாத்துக்கும் நான் வேலைக்கு நிக்கிறன். எனக்கு ஞாயிறை விடுங்கோ."

"இந்தக் காட்டுக்குள்ள கோயிலும் இல்லை, குருவும் இல்லை. ஞாயிறிலை என்ன காணும் செய்யப் போறீர்?"

"சும்மா இருக்கப் போறன் ஐயா."

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சம்மதித்துவிட்டார்.

அக்கா, இரண்டு உதவி. மார்கழியில் நம்மூர்க் கோயில் வாசலில் விற்கும் கலண்டர் ஒன்று அனுப்புங்கள். அதில்தான் ஞாயிறு சிவப்பாக இருக்கும். மற்றது, பூசையில் சுவாமியார் சொல்லும் பிரசங்கத்தை இரண்டு வரியாவது எழுதுங்கள். அங்கே காலை ஏழுக்குப் பூசை மணி அடிக்கும்போது நான் இங்கே முழந்தாளில் நிற்பேன். நீங்கள் அங்கே, நான் இங்கே. கோயிலில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத்தான்.

உங்கள் தம்பி
ஸ்ரீபன்


கொக்கிளாய்
18.1.1966

என் தம்பி ஸ்ரீபனுக்கு,

அக்கா எழுதுவது. என் கால் பரவாயில்லை. நீ காய்ச்சல் உடம்போடு குளத்தில் முழுகாதே. கொத்தமல்லி அவித்துக் குடி, சோம்பற்படாதே.

நீ கேட்ட கலண்டரைக் கருவாட்டுப் பொதிக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். மணக்கும். ஒரு வெயில் காட்டிவிட்டுத் தொங்கவிடு. தலைப்பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது, அவ்வளவையும் வெட்டிவிட்டேன். நாட்கள் ஒழுங்காக இருக்கின்றன. புதியது, ஒரு நாளும் சுவரில் ஏறாதது. கிழித்துக் கிழித்து எறிந்துவிடாமல் பக்குவமாக வைத்திரு.

பிரசங்கம் கேட்கிறாய். இந்த ஞாயிறு சுவாமியாருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. பிரசங்கம் வைக்கவில்லை.

மழை விட்டுவிட்டது. கடலோடு சேரும் களப்பில் தண்ணீர் தெளிந்துவிட்டதாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அக்கா
மார்கிறட்


சேசு மரி சூசை

துணுக்காய்
20.2.1966

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் போய்விட்டது. உங்கள் கொத்தமல்லியும் கருவாடும் சேர்ந்து துரத்திவிட்டன. நீங்கள் சுகமாக இருக்க ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொள்கிறேன்.

கலண்டர் கொட்டிலுக்கே ஒரு களையைக் கொடுத்திருக்கிறது. விடிய எழும்பியதும் முகம் கழுவமுன் அதைத்தான் பார்க்கிறேன். இந்தப் பகுதியில் ஒருவரும் இப்போது கிழமை சொல்வதில்லை. "அட்டமிக்கு அடுத்த நாள்", "அமாவாசைக்கு ரெண்டு நாள் கிடக்கு" என்றுதான் கதை. எனக்கு மட்டும் சிவப்பு நாள் ஒன்று இருக்கிறது.

அந்த நாளில் நான் குளத்துத் தண்ணீர் திறக்கும் துருசைத் தொடுவதில்லை. கமக்காரர் வயலுக்குத் தண்ணீர் கேட்டால், "நாளைக்கு" என்பேன். முதலில் சண்டைக்கு வந்தார்கள். இப்போது பழகிவிட்டார்கள். அதிசயம் என்னவென்றால், அந்த நாளில் வீரகத்தியண்ணையின் பெண்சாதி நாகேஸ்வரியக்கா எனக்கு மரக்கறிச் சோறு சமைத்து அனுப்புகிறா. சைவக்காரர், எங்கள் ஞாயிறை இப்படி மதிக்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது.

ஆனால் அக்கா, பின்னேரம் பொல்லாதது. வேலை இருக்கிற நாளில் தனிமை தெரியாது. சும்மா இருக்கிற நாளில் அது பக்கத்தில் வந்து குந்திவிடும். அப்போது, காலையில் அக்காவும் ஊரும் முழந்தாளில் நின்ற நேரம் நானும் நின்றேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆறிவிடும்.

சுவாமியாரின் தொண்டை சுகமாகியிருக்குமே. பிரசங்கத்தை எழுதுங்கள்.

தம்பி
ஸ்ரீபன்


கொக்கிளாய்
15.3.1966

தம்பி ஸ்ரீபனுக்கு,

நான் சுகம். கூரைக்குக் கிடுகு மாற்ற வேண்டும். மற்றப்படி குறை இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

விடமாட்டாய் போலிருக்கிறது, பிரசங்கத்தை எழுதுகிறேன். போன ஞாயிறு சுவாமியார் பீடத்திலிருந்து சனத்தின் பக்கம் திரும்பினார். ஒரு கேள்வி கேட்டார். "ஒருவன் கட்டளை தவறாமல் நடந்தான். அப்படி நடந்ததினாலேயே கெட்டுப் போனான். அவனுடைய பெண்சாதிக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்றார். பதிலைச் சொல்லாமலே சுவாமியார் திரும்பிப் பூசையைத் தொடர்ந்தார்.

அவ்வளவுதான் பிரசங்கம்.

அக்கா


சேசு மரி சூசை

துணுக்காய்
20.4.1966

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், தபசுகாலம் முழுக்க ஒருசந்தி இருந்ததில் கொஞ்சம் இளைத்துவிட்டேன். நீங்கள் பாஸ்குக்குப் புதுச்சீலை எடுத்தீர்களா? ஊரில் வெடி கொளுத்தினார்களா?

பெரிய வெள்ளி பதினாறாம் திகதி முழுப் பட்டினி. மூன்று மணிக்குக் குளக்கட்டில் நின்று ஞாபகத்தில் உள்ள ஒப்பாரியை எல்லாம் பாடினேன். நடுவில் மறந்துபோயிற்று. திரும்பவும் முதலிலிருந்து பாடினேன். பதினெட்டாம் திகதி உயிர்த்த ஞாயிறு. விடிய எழும்பி, "உயிர்த்தார்!" என்று குளத்தைப் பார்த்துக் கத்தினேன். நீர்க்காகங்கள் எழும்பிப் பறந்தன. வேறு ஒருவரும் கேட்கவில்லை. அக்கா, அன்றைக்கு நான் அழுதேன். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துச் சந்தோஷப்படும் நாளில் கட்டிப்பிடிக்க ஓர் ஆள் இல்லை.

சுவாமியாரின் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. அவர் பதில் சொல்லாமல் விட்டது பெரிய அநியாயம். நான் குளக்கட்டில் நடந்து நடந்து யோசித்தேன். ஞானோபதேசத்தில் நாங்கள் பாடமாக்கியது, நரகத்துக்குப் பயந்தும் மோட்சத்துக்கு ஆசைப்பட்டும் கட்டளையைக் கைக்கொள்வது என்று. இந்தக் காட்டில் நரகம் நினைவுக்கு வருவதில்லை, யானைதான் வரும். மோட்சமும் அப்படித்தான், அதைவிடத் துணுக்காய்க் கடையில் ஒரு தேத்தண்ணீர் மேல். அப்படியானால் நான் ஏன் இந்த ஞாயிறைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? சுவாமியாரைக் கண்டால், மிச்சத்தையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள்
ஸ்ரீபன்


கொக்கிளாய்
29.6.1966

தம்பி ஸ்ரீபனுக்கு,

கடிதம் எழுதப் பிந்திவிட்டது. சுகமில்லாமல் இல்லை. கச்சான் காற்று, புழுதி, கருவாட்டு வேலை. கிடுகு மாற்றிவிட்டேன். நீ எப்படி?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஏன் உனக்கு இந்தக் கரைச்சல்? கோயில் இல்லாத இடத்தில் பூசைக் கடன் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன்னை ஆர் பார்க்கிறது? பூசை இல்லாத காட்டில் ஞாயிறு என்ன, திங்கள் என்ன? விட்டுவிடு. எல்லோரையும் போலப் போயா லீவை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் இங்கே வந்து போ. இரண்டு பேருமாக ஒரு நேரமாவது ஒன்றாகச் சாப்பிடலாம்.

அந்தக் கலண்டரையும் கழற்றிவிடு. பழைய பெட்டிக்குள் வைத்துவிடு.

அக்கா
மார்கிறட்


சேசு மரி சூசை

துணுக்காய்
15.7.1966

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடிய அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். உங்களுக்கு என்ன சுகமில்லையோ என்றுதான் முதல் பயம். என் அக்கா இப்படி எழுதுகிற ஆள் இல்லையே.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன கிழமை ஓவசியர் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தார். முத்தையன்கட்டில் மேற்பார்வை வேலை ஒன்று காலியாம். அங்கே போனால், காலையில் பஸ் ஏறி மத்தியானம் உங்கள் குசினியில் சாப்பிடலாம். "ஆனா அங்கை உம்மட ஞாயிறு விளையாட்டு நடவாது, பெரிய ஆக்கள் இருக்கிற இடம்" என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். "உமக்கு மண்டை சரியில்லை" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நீங்களும் ஏசுவீர்கள் என்று தெரியும். ஆனால் அக்கா, ஆர் பார்க்கிறது என்று கேட்டீர்களே. எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஏழு மணிக்கு நீங்கள் அங்கே முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும்போது, நான் இங்கே துருசுக் கம்பியைத் திருகிக்கொண்டு நிற்கலாமா? அது உங்களை நடுவழியில் விட்டுவிட்டு வந்ததுபோல இருக்கும்.

பதில் போடுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி உண்மையை எழுதுங்கள்.

தம்பி
ஸ்ரீபன்


சேசு மரி சூசை

துணுக்காய்
9.11.1966

அக்காவுக்கு,

நாலு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கொக்கிளாய்ப் பக்கமிருந்து வந்த ஒரு கருவாட்டு வியாபாரி, நீங்கள் சுகமாக இருப்பதாகச் சொன்னார். அந்த நிம்மதியில் இதை எழுதுகிறேன்.

முந்தாநாள் காலையில் நான் மந்திரம் சொல்லி எழும்ப, வீரகத்தியண்ணை வந்து நிற்கிறார்.

"தம்பி, கார்த்திகை பிறக்கப் போகுது. சோமவாரத்துக்குக் கோயிலிலை பொங்கிறம், நீரும் கட்டாயம் வாரும்."

"நான் வேதக்காரன் அண்ணை. எனக்கென்ன சோமவாரம்?"

"ஏன் காணும் எங்களுக்கு ஒளிக்கிறீர்? வருசம் முழுக்கத் திங்களிலை வேலை செய்யாமல், விடிய முழந்தாளிலை நிண்டு, எங்கட மனுசி தாற மரக்கறிச் சோத்தைத் திண்டு, திங்கள் விரதம் பிடிக்கிற ஆள் நீர். வேதக்காரர் எண்டாலும் சிவபெருமானிலை இவ்வளவு பத்தியோ எண்டு ஊரெல்லாம் அதுதான் கதை!"

"அண்ணை, இண்டைக்கு ஞாயிறல்லோ?"

"ஞாயிறு நேத்தே முடிஞ்சுது."

நான் நம்பவில்லை. தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நான் கொடுத்த கந்தோர்க் கலண்டர் சுவரில் தொங்குகிறது. ஏழாம் திகதி, திங்கட்கிழமை. என்னுடைய கலண்டரில் ஏழாம் திகதி ஞாயிறு.

முதலில் சிரித்தேன். வீரகத்தியண்ணையும் சிரித்தார். கொட்டிலுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பத்து மாதம், அக்கா! உண்மையான ஞாயிறுகளில் நான் துருசு திறந்து, கட்டில் புல் வெட்டி, வியர்வை சிந்தி வேலை செய்திருக்கிறேன். இறைச்சி விலக்கவேண்டிய உண்மையான வெள்ளிகளில் நாகேஸ்வரியக்கா தந்த மரை இறைச்சி வத்தலைச் சப்பித் தின்றிருக்கிறேன். பெரிய வெள்ளி என்று பட்டினி கிடந்தது ஒரு சனிக்கிழமை.

அதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் தீர்ந்துவிடும். தீராதது ஒன்று இருக்கிறது. நான் முழந்தாளில் நின்ற நேரத்தில் உங்கள் கோயில் பூட்டிக் கிடந்திருக்கும். நீங்கள் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். பத்து மாதமாக அந்த வாங்கில் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன். இந்தக் காடு இன்றைக்குத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கலண்டர் எப்படி அக்கா பிழைத்தது? அச்சுப் பிழையா?

ஸ்ரீபன்


கொக்கிளாய்
27.11.1966

என் தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சுகமாக இருக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அச்சுப் பிழை இல்லை. அது போன வருஷத்துக் கலண்டர். பூச்சி அரிக்கவில்லை, வருஷத்தை நான்தான் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஞாயிறு ஞாயிறுதானே, எந்த வருஷமானால் என்ன என்று நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும் என்று எனக்குப் புத்தி போகவில்லை. புதுக் கலண்டர் வாங்கக் கோயில் வாசலுக்குப் போக வேண்டும். நான் போகவில்லை.

அறுபத்துநாலாம் வருஷத்து அந்த மார்கழிப் புயலுக்குப் பிறகு நான் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை, தம்பி. நீ என்னோடு ஒரே வாங்கில் இருப்பதாக எழுதிய ஒரு நாளிலும் நான் அங்கே இல்லை. ஞாயிறிலும் இல்லை, திங்களிலும் இல்லை. சுவாமியாருக்குத் தொண்டை கட்டவுமில்லை, அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவுமில்லை. கேட்டது நான்.

உனக்குத் தெரியும், அத்தான் ஞாயிறில் வலை தொடமாட்டார். புயலுக்கு முந்திய ஞாயிறு களப்பு வாயில் இறால் குமிந்து நின்றது. ஊரில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். இவர் இறங்கவில்லை. பூசைக்குப் போய், வாசலில் அடுத்த வருஷத்துக் கலண்டரை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தேங்காய் துருவித் தந்தார். மத்தியானம் என் மடியில் தலைவைத்துப் படுத்து நித்திரை கொண்டார். ஞாயிறு இறங்கியவர்கள் நத்தார்ப் பெருநாளுக்கு வேண்டியதை உழைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தார்கள். இவருக்குத்தான் அன்றைக்குப் போகவேண்டி வந்தது. செவ்வாய்தான் புயல் வந்தது.

கட்டளையை மீறியவர்களின் பெண்சாதிமார் இன்றைக்கும் தங்கள் புருஷன்மாருக்குச் சோறு போட்டுக் கொடுக்கிறார்கள். கைக்கொண்டவரின் பெண்சாதி நான். அந்தக் கலண்டரைச் சுவரில் ஏற்றவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. உனக்கு அனுப்பினேன்.

பாஸ்கு மணி இங்கே ஏப்ரல் பத்தாம் திகதி அடித்தது. நீ பதினெட்டு என்று எழுதியதைக் கண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. நீ குளத்தைப் பார்த்துக் கத்தியதை வாசித்துவிட்டு இரவெல்லாம் நித்திரையில்லாமல் இருந்தேன். சொன்னால், ஏன் பழைய கலண்டர் என்று கேட்பாய். கோயிலுக்குப் போகாததைச் சொல்ல வேண்டி வரும். வாயை மூடிக்கொண்டேன். பிறகு நீ முத்தையன்கட்டு வேலையை விட்டாய் என்று எழுதினாய். எனக்காகவாம்! கோயிலிலேயே இல்லாத எனக்காக, ஞாயிறே இல்லாத ஒரு நாளுக்காக. அதற்குப் பிறகு பேனையை எடுக்க என்னால் முடியவில்லை.

ஏசுவதென்றால் ஏசு. எழுதாமல் மட்டும் விடாதே.

மார்கிறட்


சேசு மரி சூசை

துணுக்காய்
4.12.1966

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மழை தொடங்கிவிட்டது, குளம் நிரம்புகிறது. நனைந்த தலையோடு படுக்காதீர்கள்.

கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். கலண்டரைக் கிழிக்கக் கழற்றினேன். அத்தான் வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, கை வரவில்லை. சுருட்டி வைத்திருக்கிறேன்.

இந்த ஒரு மாதத்துக்குள் நாலு ஞாயிறு சரியான ஞாயிறாகவே பிடித்துவிட்டேன். ஓவசியர்தான் குழம்பிப்போனார். "இதென்ன காணும், உங்கட ஆக்கள் நாளை மாத்திப் போட்டினமோ?" என்கிறார். உங்கள் கடிதம் வந்த பிறகு, இன்றைக்குத்தான் முதல் ஞாயிறு. ஏழு மணிக்கு முழந்தாளில் நின்றேன். மந்திரம் வரவில்லை. நீங்கள் அங்கே இல்லை என்று தெரியும். அப்போதுதான் எனக்கு ஒரு வெட்கம் வந்தது. இவ்வளவு நாளும் ஆண்டவருக்குக் கீழ்ப்படிகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நான் என் அக்காவுக்குத்தான் துணை இருந்திருக்கிறேன். உங்களை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லையோ என்று பயந்துபோனேன்.

எழும்பிவிடலாம் என்று பார்த்தேன். எழும்பவில்லை. "இப்ப நீரும் நானும்தான்" என்று ஆண்டவரிடம் சொன்னேன். ஒரு அரை மணித்தியாலம் அப்படியே நின்றேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஓர் அதிசயமும் நடக்கவில்லை. தனிமைதான். ஆனால் போன மாதம் இருந்த பயம் இல்லை.

உங்கள் கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. அந்த ஞாயிறு நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. அன்று காலை நான் வந்து போனேனே, நீங்கள் குசினிக்குள் நின்றீர்கள். நான் முற்றத்தில் அத்தானோடு மல்லுக்கட்டினேன். "அத்தான், இறால் கரையிலை வந்து நிக்குது, ஒருக்கா இறங்கினால் ஆண்டவர் என்ன அடிக்கவோ போறார்?" என்றேன்.

"ஆர் சொன்னது அடிக்கிறாரெண்டு? நிக்கட்டும் மச்சான், இறாலுக்கும் இண்டைக்கு ஞாயிறுதான்" என்று சொல்லிச் சிரித்தார். பயந்த மனிதன் அப்படிச் சிரிக்கமாட்டான். கணக்குப் பார்த்துக் கொடுத்தவனும் அப்படிச் சிரிக்கமாட்டான். அவருக்கு அந்த நாள் பிடித்திருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

கோயிலுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்காகப் போகவே வேண்டாம். பிரசங்கம் மட்டும் இனி எழுத வேண்டாம்.

உங்கள் தம்பி
ஸ்ரீபன்


கொக்கிளாய்
12.12.1966

என் தம்பி ஸ்ரீபனுக்கு,

கால் இரண்டும் நோகிறது, மற்றப்படி சுகம். நீ குளத்தின் அருகில் மழைக்குள் நிற்காதே என்று சொல்லிப் பயனில்லை, உன் வேலையே அதுதான்.

"இறாலுக்கும் ஞாயிறுதான்" என்றாராம்! உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியே சிரித்துவிட்டேன். அது அவருடைய கதையேதான், நீ இட்டுக்கட்டியது இல்லை. பிறகு நினைத்தேன். இரண்டு வருஷமாக அந்த ஞாயிறை நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். இவர் இறால் அள்ளப் போயிருந்தால் அந்த மத்தியானம் என் மடியில் ஆர் படுத்திருக்கிறது? செவ்வாயைப் பற்றிக் கேட்க எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது. ஆனால் அந்த ஞாயிறைத் திட்ட இனி வாய் வராது.

நேற்றுக் காலை கோயிலுக்குப் போனேன். நீ சொல்லிப் போகவில்லை, சுவாமியார் ஆளனுப்பிப் போகவில்லை. மணி அடித்தது, எழும்பினேன், சீலையை மாற்றினேன்.

பூசை தொடங்கிய பிறகு மெல்ல நுழைந்து, கடைசித் தூணோடு ஒதுங்கி நின்றுவிட்டு, முடியமுன் ஓடிவந்துவிடலாம் என்றுதான் எண்ணம். சுவாமியார் எந்நேரமும் பீடத்தைப் பார்த்துக்கொண்டுதானே நிற்பார், அவருடைய முதுகுக்கு நான் வந்தது தெரியவா போகிறது என்று நினைத்தேன். தம்பி, நான் போகாத இந்த இரண்டு வருஷத்துக்குள் பூசையையே மாற்றிவிட்டார்கள்! பீடத்தை முன்னுக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுவாமியார் சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இலத்தீனும் இல்லை, எல்லாம் தமிழ். நான் கதவைத் தாண்டக் கால் எடுத்து வைக்க, அவர் நேரே என் முகத்தைப் பார்க்கிறார். கையை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்கிறார்.

சனமெல்லாம் பதில் சொன்னது. எனக்கு அந்தப் பதில் தெரியாது. பக்கத்தில் நின்ற அன்னபாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், நகர்ந்து இடம் விட்டாள். நான் முழந்தாளில் நின்றேன்.

பிரசங்கம் என்னவென்று கேட்காதே. நீயே வேண்டாம் என்று எழுதிவிட்டாய், நல்லதாய்ப் போயிற்று. எனக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். நடுவில் ஆண்டவரிடம், "எனக்கு இன்னும் கோபம்தான், ஆனா வந்திருக்கிறன்" என்று சொன்னேன். அது மந்திரமா என்னவென்று தெரியாது.

வெளியே வரும்போது சுவாமியார் வாசலில் நின்றார். "சுகமா மார்கிறட்?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போவேன் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன். உன்னிடம் போதிய அளவு பொய் சொல்லிவிட்டேன். சீலையைத் தோய்த்து உள்கொடியில் போட்டிருக்கிறேன். இந்த மழைக்கு ஞாயிறுக்கிடையில் காயுமோ தெரியாது.

உன் அக்கா
மார்கிறட்